நாலாவது கியர் ஒன்றே துணை

கடற்கோள் எங்கள் வீட்டைக் கொண்டுபோய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2005ஆம் ஆண்டு, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வேளாண்மை வெட்டு, அதாவது நெல் அறுவடை, மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம். மட்டக்களப்பு நகரத்திலிருந்து வாவியைக் கடந்து அக்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு எட்டு ஆசிரியர்களைத் தினமும் ஏற்றி இறக்கும் வேனை நான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், நான் பெண்தான். அப்போதெல்லாம் எங்கள் ஊரில் ஒரு பெண் வேன் ஓட்டிப் போனால் சைக்கிளில் போகிறவர்கூடத் திரும்பிப் பார்த்து மதிலில் மோதுவார். சந்தியில் நிற்கும் ஓட்டுநர்கள் என் காதில் விழும்படியாகவே பேசுவார்கள். பொம்பிளை ஓட்டினால் கியர் பெட்டி ஒரு வருசம் தாங்காதாம். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போய்விடுவேன். ஆனால் அந்தப் பேச்சு முள்ளாகக் குத்தும்.

நாங்கள் போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர். எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இரும்பு வேலை, மீதிப் பேருக்கு மர வேலை. என் கணவர் வாகனத் திருத்துநர். வேனில் இருந்த பழைய டீசல் என்ஜினைக் கழற்றி வீசிவிட்டு, பெரிய டேர்போ என்ஜின் ஒன்றைத் தன் கையாலேயே பூட்டியிருந்தார். கியர் பெட்டி மட்டும் பழையது. என்ஜினின் இழுவைக்கு அந்தப் பெட்டி தாங்குமா என்று நான் கேட்டதற்கு, ஒழுங்காக ஓட்டினால் தாங்கும் என்றார். அந்த ‘ஒழுங்காக’ யாருக்கு என்று எனக்குத் தெரியாதா என்ன?

கடல் வந்த அன்று ஞாயிற்றுக்கிழமை. நகரத்துத் தேவாலயத்தில் பூசைக்குப் போயிருந்ததால் குடும்பத்தோடு உயிர் தப்பினோம். வேன் வீட்டு முற்றத்தில் நின்றது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் வீடு இல்லை. வேன் மட்டும் கொஞ்சத் தூரம் தள்ளி, ஒரு பனையில் சாய்ந்து, பாதி மணலுக்குள் கிடந்தது. எங்களுக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். கணவர் ஒரு மாதம் அதோடு மல்லுக்கட்டினார். என்ஜினைப் பிரித்து, டீசலால் கழுவி, வயர்களை மாற்றி ஸ்டார்ட் பண்ணியபோது அழுதேவிட்டார். நானும்தான்.

ஓடத் தொடங்கி இரண்டு வாரத்தில் எனக்கு ஒரு சத்தம் கேட்டது. சன்னமான முனகல். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது கியர்களில் கேட்கும். நாலாவதில் போட்டால் நின்றுவிடும். ஐந்தாவதில் மறுபடி வரும். கணவரிடம் சொன்னேன். டயர்ச் சத்தம் என்றார். டயர் என்றால் நாலாவதிலும் கேட்க வேண்டுமே என்றேன். கியர் பெட்டி மூடின பெட்டி, அதற்குள் எப்படித் தண்ணீர் போகும், நீ கிளச்சை முழுதாக மிதிப்பதில்லை, அதுதான் என்று முடித்துவிட்டார். சந்தியில் சொல்வதையே வீட்டிலும் கேட்ட பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. ரோசம்! சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மேலும் மூன்று வாரம் ஓட்டினேன்.

அன்று பள்ளிக்கூடம் விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கிறவல் வீதியின் நடுவில் ஒரு பெண் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். நெல் வெட்டிய தாக்கத்தியைக்கூடக் கீழே போடவில்லை. அவள் புருசனை வயல் வட்டைக்குள்ளிருந்து நாலு பேர் தூக்கி வந்தார்கள். கணுக்காலுக்கு மேல் கால் வீங்கியிருந்தது.

“புடையன் பாம்பு கடிச்சிட்டு தங்கச்சி. எப்படியெண்டாலும் கொண்டுபோய்ச் சேர்த்துப்போடுங்க” என்றாள்.

அவரைப் பின் சீட்டில் கிடத்தினோம். மருந்து நகரத்துப் பெரியாஸ்பத்திரியில்தான் இருக்கிறது. இன்னும் பதினைந்து கிலோமீற்றருக்குக் குறையாது. நான் அவசரத்தில் இரண்டாவது கியரில் போட்டு மிதித்தேன். அடியில் ஏதோ உடைந்த சத்தம். கியர்க் கம்பி என் கையில் துள்ளியது. வேனை உருளவிட்டு நிறுத்தி, முதலாவதைப் போட்டுப் பார்த்தேன். பெட்டிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியது போல் இருந்தது. இன்னும் ஒரு தடவை அப்படிச் செய்தால் பெட்டி இறுகி, வேனைத் தள்ளக்கூட முடியாமல் போகும் என்று விளங்கியது. அந்த வீதியில் அந்த நேரத்தில் வேறு வாகனம் வராது. ட்ராக்டர் பிடித்துக் கொண்டுபோனால் அந்த மனிதர் பிழைக்க மாட்டார்.

அப்போதுதான் நாலாவது நினைவுக்கு வந்தது. எந்தக் கியரில் சத்தம் இல்லையோ அந்தக் கியரில் பழுதும் இல்லை. ஆனால் நிற்கிற வேனை நாலாவதில் எடுக்க முடியாது. நான் திரும்பி ஆசிரியர்களைப் பார்த்தேன்.

“எல்லாரும் இறங்கித் தள்ள வேணும். வேன் உருண்டதும் நாலாவதில போடுவன். பிறகு நிப்பாட்ட மாட்டன், ஓடி வந்து ஏறுங்க.”

பள்ளிக்கூட அதிபர் கழுத்துப்பட்டியைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டு இறங்கினார். டீச்சர்மார் சேலையை இடுப்பில் சொருகினார்கள். தாக்கத்திக்காரியும் தள்ளினாள். கிளச்சைப் பாதியில் பிடித்து, உயிரைக் கையில் பிடித்து, மெல்ல மெல்ல விட்டேன். வேன் உதறியது, செருமியது, நின்றுவிடும் போல் இருந்தது. பிறகு டேர்போ விசிலடித்தது. பழைய என்ஜினாக இருந்தால் அங்கேயே மூச்சு நின்றிருக்கும். கணவரை எத்தனை தடவை திட்டியிருப்பேன் அந்த என்ஜினுக்காக! அன்று அதைக் கும்பிட்டேன். எல்லோரும் ஓடி வந்து தொற்றிக்கொண்டார்கள். இரண்டு பேரால் ஏற முடியவில்லை. பாவம், பிறகு ட்ராக்டரில் வந்து சேர்ந்தார்கள்.

நேர் வீதியில் பிரச்சினை இல்லை. மாட்டையும் ஆட்டையும் ஹோர்ன் அடித்தே கலைத்தேன். பெரிய தலைவலி வவுணதீவில் இருந்தது, இராணுவச் சோதனைச் சாவடி. அங்கே எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, மறுபக்கம் நடந்து போய்க் காத்திருக்க வேண்டும். வேன் தனியாகச் சோதனைக்கு நிற்கும். நிற்காமல் போனால் என்ன நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. நிறுத்தினேன்.

கியர் இல்லை, நோயாளி இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சிப்பாய் உள்ளே எட்டிப் பார்த்தான். காலைப் பார்த்ததும் முகம் மாறியது. தடைமரத்தைத் தூக்கச் சொன்னான். ஆசிரியர்கள் வழக்கம் போல இறங்கி நடக்காமல் பின்னால் போய்க் கைவைத்தார்கள். அவனும் இன்னொருவனும் துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து தள்ளினார்கள். கிளச் எரிகிற வாசம் உள்ளே நிறைந்தது. வேன் மறுபடி விசிலடித்தது, ஆசிரியர்கள் ஓடி வந்து தொற்றிக்கொண்டார்கள். வாவியின் ஒடுங்கிய வலையிறவுப் பாலத்தில் ஏறப்போன ஒரு ட்ராக்டர்காரர் என் ஹோர்னைக் கேட்டு ஒதுங்கிக்கொண்டதால் ஒரே ஓட்டமாகப் பாலத்தைக் கடந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் பிரேக்கை மிதித்ததும் வேன் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அசையவில்லை. அந்த மனிதர் பத்து நாள் கிடந்து, தன் காலில் நடந்தே ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தார். தாக்கத்தியை என் வேனிலேயே மறந்துவிட்டுப் போயிருந்த மனைவி, அதை வாங்க வந்த அன்று என் கையைப் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அந்த ஒரு நிமிடம் போதும் எனக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே கணவர் பெட்டியைக் கழற்றியிருந்தார். கியர் எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் கொட்டியது. பெட்டிக்கு மேலே, சூடான காற்று போக ஒரு சின்னத் துவாரம் உண்டாம். கடல் அந்த வழியாக உள்ளே போயிருக்கிறது. கீழ்த் தண்டின் பேரிங்குகளை உப்பு அரித்து, இரண்டாவது கியரின் பற்கள் உடைந்து கிடந்தன. நாலாவதில் மட்டும் என்ஜினின் இழுவை அந்தத் தண்டில் விழாமல் நேராகப் போகும் என்று அவரே விளக்கினார். பிறகு கிறீஸ் கையைத் துணியில் துடைத்தார்.

“உண்ட கிளச்சில ஒரு பிழையும் இல்ல புள்ள. பிழை எண்ட மண்டையிலதான்” என்றார்.

எனக்கு வெற்றி என்று குதிக்க மனம் வரவில்லை. கேட்ட சத்தத்தை ரோசத்துக்காக விழுங்கிக்கொண்டு ஓட்டியவள் நான்தானே. அன்று பெட்டி முழுதாக இறுகியிருந்தால்?

காத்தான்குடியில் ஒரு பழைய பெட்டி வாங்கி, அதிலிருந்த பற்சக்கரங்களைப் போட்டுத் திருத்தினார். துவாரத்துக்கு ஒரு குழாய் பூட்டி உயரத்துக்குக் கொண்டுபோனார். யுத்தம் முடிந்தது, சாவடிகள் எடுபட்டன. அந்தக் கியர் பெட்டி அதன் பிறகும் பல வருடம் என் கையில் ஓடியது. ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. மாரி வெள்ளத்தில் மூழ்கிய வாகனம் எது வந்தாலும் என் கணவர் முதலில் கியர் எண்ணெயைத்தான் இறக்கிப் பார்ப்பார். அன்று சந்தியில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்த ஓட்டுநர்களே இப்போது வேன்களைக் கொண்டுவருகிறார்கள். அவர்களிடம் அவர், “முதல்ல எண்ட மனிசி ஒரு சுற்று ஓடிக் கேட்கட்டும்” என்பார். நான் சாவியை வாங்கிக்கொண்டு ஏறும்போதெல்லாம், என் காதை நான் நம்பாமல் ஓட்டிய அந்த மூன்று வாரங்களையும், நம்பி ஓட்டிய அந்தப் பதினைந்து கிலோமீற்றரையும் நினைத்துக்கொள்கிறேன்.