பால் வடியும் காளானும் மணிவேலும்

நாக்கின் நுனியில் ஒரு சொட்டுப் பாலை வைத்துக்கொண்டு மணிவேல் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறார். இப்போது பேச மாட்டார். யாராவது பேச்சுக் கொடுத்தாலும் கையைக் காட்டி அடக்கிவிடுவார். பதினெட்டு எண்ணும்போது காரத்தில் முகம் சுருங்குகிறது. சட்டென்று துப்பி, தண்ணீரால் இரண்டு முறை வாய் கொப்பளித்துவிட்டு, "இது மெதுவா கடிக்கிற ஜாதி" என்கிறார்.

திருப்பதிப் பக்கம், சந்திரகிரியைத் தாண்டிய காட்டில், மழை ஓய்ந்ததும் ஜாலாரி மரத்தடியில் முளைக்கும் காளான் அது. கடையில் பாக்கெட்டில் விற்கும் பால் காளானுக்கு நிறம் மட்டும்தான் பால். இதைக் கீறினால் நிஜமாகவே பால் வடியும். தொப்பிக்கு அடியில் விசிறிபோல நெருங்கியிருக்கும் மடிப்புகளை மணிவேல் அரை பிளேடால் கீறுவார். பால் கெட்டியா, தண்ணீர் போலவா, காற்றுப் பட்டதும் நிறம் மாறுகிறதா, தொப்பியில் வளையங்கள் உண்டா, தொட்டால் பிசுபிசுக்கிறதா என்று பார்ப்பார். காம்பை ஒடிப்பார்; அது நார் நாராகக் கிழியாமல் சாக்பீஸ்போலப் பட்டென்று உடைய வேண்டும். பார்த்ததையெல்லாம் கேள்விகள் அச்சிட்ட தாளில் தெலுங்கு எழுத்தில் எழுதுவார். ஆந்திராவில் நாகலாபுரம் பக்கத்துத் தமிழர்தான். ஆனால் படித்தது தெலுங்குப் பள்ளியில். இத்தனை காளான் பார்த்தவர் ஒன்றைக்கூடச் சமைத்ததில்லை. கேட்டால், "துன்றதுக்கு ஊர்ல எவ்ளோவோ கீது. இத்த பாத்தா போதும்" என்பார்.

வயது ஐம்பத்தொன்று. திருப்பதிக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பிக்கும் தேவயானி, காளான்களைத் தேடிக் காட்டுக்குப் போகிறவர். ஆறு வருஷங்களுக்கு முன் அவருக்கு மூட்டை தூக்கக் கூலிக்கு வந்தவர்கள் மணிவேலும் மனைவி கமலம்மாவும். மூட்டையை இறக்கி வைத்த நேரத்திலெல்லாம் மணிவேல் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். அடுத்த மழைக்காலத்திலேயே பால் வடியும் காளான்களின் தாள்களை நிரப்பும் வேலை முழுதும் அவர் கைக்கு வந்துவிட்டது.

ஆனால் தேவயானியிடம் அவர் சொல்லாத ஒன்று இருந்தது. அவருக்குச் சில நிறங்கள் பிடிபடாது. சிவப்பும் பச்சையும் குழம்பும். வெளிறிய ரோஜா நிறம் அவருக்கு வெள்ளைதான். இருபத்திரண்டு வயதில் பஸ் ஓட்டும் வேலைக்குப் போய் எல்லாவற்றிலும் தேறியவர், கடைசியில் கண் சோதனையில் புள்ளி புள்ளியாக இருந்த அட்டையைக் காட்டி என்ன நம்பர் என்று கேட்டபோது வெறும் புள்ளிகளைத்தான் கண்டார். ஊரில் உயரம் போதவில்லை என்று சொல்லிவைத்தார். உண்மை கமலம்மாவுக்கு மட்டும் தெரியும். காட்டிலும் கமலம்மாதான் துணை. கீறிய காளானை மனைவி பக்கம் லேசாகச் சாய்ப்பார். அவள் புல்லைப் பார்ப்பதுபோல் குனிந்து, "ரோஸு வருது" என்று முணுமுணுப்பாள்.

போன வருஷம் கமலம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. மூன்று நாள் மணிவேல் மனைவி இல்லாமல் போனார். ஒன்பது காளான்கள், ஒன்பது தாள்கள். நிறம் என்ற இடத்தைக் காலியாக விடப் பயந்து, எல்லாவற்றிலும் 'மாறவில்லை' என்றே எழுதினார். தேவயானி தான் எடுத்த போட்டோக்களோடு ஒப்பிட்டபோது, ஐந்தில் பால் தெளிவாக ரோஜா நிறத்துக்குத் திரும்பியிருந்தது. மணிவேலை அழைத்துவர உடனே ஆள் அனுப்பினார்.

மணிவேல் நாற்காலியில் உட்காரவில்லை. புள்ளி அட்டையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். "தப்பு எம்மேலதான் மேடம். சொன்னா வேலய உட்டு நிறுத்திடுவீங்கன்னு பயந்துகினே இருந்தேன். கமலா மேல கோச்சிக்காதீங்க."

தேவயானிக்குக் கோபம் வராமல் இல்லை. இது அப்படியே வெளியே போயிருந்தால் தன் பெயர் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். தாள்களைத் திரும்பப் புரட்டிய தேவயானியின் கை ஒரு இடத்தில் நின்றது. சுவை என்ற இடம். நான்கு தாள்களில் 'வைத்ததும் காரம்' என்று இருந்தது. ஐந்தில் 'எண்ணி இருபதுக்குள் காரம்'. போட்டோக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மெதுவாகக் கடித்த ஐந்தும்தான் ரோஜா நிறமாகியிருந்தன, ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அண்ணா, ரெண்டும் வேற வேறன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே. பின்ன ஏன் சொல்லல?"

"பேப்பர்ல கலர்தான மேடம் மொதல்ல கேக்குது."

மறுநாள் காட்டில் புதிதாகப் பன்னிரண்டு காளான்களைப் பறித்து, அவரைக் கண்ணை மூடச் சொன்னார் தேவயானி. கொப்பளித்துக் கொப்பளித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பதினொன்றைச் சரியாகப் பிரித்தார். பன்னிரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு, நாக்கு மரத்துப்போய்விட்டது, இதைத் தன்னால் சொல்ல முடியாது என்று திருப்பிக் கொடுத்தார். அப்படித் திருப்பிக் கொடுத்ததற்காகவே அவரை விடக்கூடாது என்று அன்றைக்கு முடிவுசெய்ததாகத் தேவயானி சொல்கிறார். தாளும் புதிதாக அச்சானது. காரம் ஏற எவ்வளவு நேரம் என்பதற்கு ஒரு வரி, நிறம் பார்த்தவர் யார் என்பதற்கு ஒரு வரி.

அதற்குப் பிறகு மணிவேல் கல்லூரிக்கு வெறுங்கையோடு வந்ததே இல்லை. முருங்கைக்காயோ எலுமிச்சையோ ஏதாவது ஒன்று பையில் இருக்கும். எதற்கு இதெல்லாம் என்று தேவயானி கடிந்துகொண்டால், "தோட்டத்துல சும்மா காச்சிக்கினு கீது மேடம்" என்பார். அவருக்குத் தோட்டம் கிடையாது.

இந்த வருஷம் முழங்கால் தேறிக் கமலம்மாவும் மறுபடி காட்டுக்கு வந்தாள். பின்பு ஒருநாள் கல்லூரியில், காய வைத்த காளான்களைப் பொட்டலம் பொட்டலமாக அடுக்கியிருக்கும் அறைக்குத் தேவயானி இருவரையும் கூட்டிப்போய், ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். மேலே ஒட்டியிருந்த சீட்டில் கடைசி இரண்டு வரிகளைத் தெலுங்கில் எழுதியிருந்தார். சேகரித்தவர் பெயர், அதன் கீழே, நிறம் பார்த்தவர் பெயர்.

கமலம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. இன்னா எழுதிக்கீது என்று கேட்டாள். மணிவேல் விரலைச் சட்டையில் துடைத்து, கீழ் வரியில் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் கமலம்மா என்று படித்துக் காட்டினார். தன் பெயர் இருந்த மேல் வரி தெரியாதபடி அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்திருந்தார்.