அட்டையில் இரண்டாவது பெயர்

என் தங்கை தோருன் உள்ளூர்ப் பத்திரிகையில் சேர்ந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. மோலோய் துறைமுகத்தில் எந்தப் படகு எவ்வளவு மீன் இறக்கியது என்று தொலைபேசியில் கேட்டு எழுதுவது முதல் வேலை. மரண அறிவிப்புகள் இரண்டாவது வேலை. இரண்டில் எதில் பிழை வந்தாலும் ஊரே கூப்பிட்டுத் திட்டும். நான் அப்போது வீடுகளுக்குத் தரை போடும் வேலையில் இருந்தேன். சாப்பாட்டு இடைவேளையில் பத்திரிகையை விரித்து, கானாங்கெளுத்தி எத்தனை டன் என்ற பத்தியைக் கூட வேலை செய்பவர்களுக்குக் காட்டுவேன். பெயர் போடமாட்டார்கள். ஆனால் எழுதியவள் யார் என்று நான் சொல்லிவிடுவேன்.

பேட்டி கொடுத்தவர், தான் சொன்னதாக அச்சில் வரப்போவதை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்வது எங்கள் நாட்டுப் பத்திரிகைகளில் வழக்கம். மற்ற நிருபர்கள் எழுதியதை அனுப்பிவிடுவார்கள். தோருன் மட்டும் வாசித்துக் காட்டுவாள். அந்தப் பழக்கம் அவளுக்குக் கடலால் வந்தது. அந்தக் காலத்தில் படகுத் தலைவர்கள் வாரக்கணக்கில் கடலில் கிடப்பார்கள். கரையோர வானொலி வழியாகத்தான் அவர்களைப் பிடிக்க முடியும். அதில் ஒருவரோடு பேசினால் சுற்றியுள்ள படகுகளெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்.

ஒருமுறை ஒட்டார் என்ற படகுத் தலைவரிடம் வாசித்தாள்.

"‘இங்க தராசு ஒரு நாளும் உண்மை சொல்றதில்ல’ன்னு சொன்னீங்க. போட்டுடவா?"

"நான் எப்பம்மா அப்படிச் சொன்னேன்?"

இன்னொரு படகிலிருந்து ஒரு குரல் வந்தது. "சொன்னியேப்பா. நேத்து கிளம்பறதுக்கு முன்னாடி துறைமுகக் கேன்டீன்ல மேஜையைத் தட்டிச் சொன்னே."

மூன்றாவது குரல்: "தட்டினதுல காப்பி கொட்டிச்சே, என் பேன்ட்ல! அதையும் போடச் சொல்லு."

ஒட்டார், "சரி, தராசைப் போடு. பேன்ட்டை விட்டுடு" என்றார்.

நாலு பேர் கேட்க வாசித்தால் யாரும் சொன்னதை மாற்றிச் சொல்வதில்லை என்பதை அவள் அங்கேதான் கற்றாள். கல்லூரியில் இதைச் சொல்லித்தருகிறார்களா என்று எனக்குத் தெரியாது. நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன்.

அவளுக்கு நாற்பத்துநான்கு வயதானபோது பத்திரிகை ஆள் குறைத்தது. வெளியே வந்தவள் ஆலையில் மீன் வெட்டிய பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினாள். நல்ல மதிப்புரைகள் வந்தன, விற்பனை வரவில்லை. விற்றதில் பாதியை அண்ணன்தான் வாங்கினான் என்று ஊரில் கேலி செய்வார்கள். அது தவறு. நான் வாங்கியது பதினான்கு. நகராட்சி வெளியிடும் செய்தி மடலில் பிழை திருத்தி அவள் காலத்தை ஓட்டினாள்.

அப்போதுதான் ஓஸ்லோவிலிருந்து பெனெடிக்தே என்ற பதிப்பாசிரியை கூப்பிட்டார். எங்கள் ஊர்க்காரரான யோஸ்டைனின் சுயசரிதையை எழுதித் தரவேண்டும். நடன இசைக்குழுப் பாடகர் யோஸ்டைன் முப்பத்தைந்து வருடம் ஊர் ஊராகப் போகும் குழுவின் பேருந்திலேயே வாழ்ந்தவர். அவரது பாட்டுக்கு ஆடாமல் இந்தக் கரையில் ஒரு கல்யாணம் நடந்ததில்லை. அவர் பேச, தோருன் "நான்" என்று எழுதவேண்டும். அட்டையில் அவர் பெயர் பெரிதாகவும், கீழே "தோருன் மிக்லெபுஸ்ட்டுடன்" என்று சிறிதாகவும் வரும். அந்தச் சிறிய வரி இருந்தால் அடுத்த புத்தகங்கள் அவளைத் தேடி வரும். இல்லாவிட்டால் மறுபடி நகராட்சி மடல்தான்.

குளிர்காலம் முழுக்க யோஸ்டைனின் சமையலறையில் போய் உட்கார்ந்தாள்.

"அவ்வளவு பேசறாரே, எல்லாத்தையும் எழுதிக்கறியா?" என்று கேட்டேன்.

"கதை சொல்றப்ப எழுதறதில்லண்ணே. அது மேடையில நூறு தடவை சொன்னது. காப்பி போட எந்திரிச்சு முதுகைக் காட்டிக்கிட்டு ஏதாவது முனகுவார் பாரு, அதைத்தான் எழுதறேன்."

புத்தகத்தின் உயிர் என்று பெனெடிக்தே சொன்ன அத்தியாயம் ஒன்று உண்டு. யோஸ்டைனும் கிதார்காரர் மாக்னாரும் பள்ளிக்கூட நண்பர்கள், சேர்ந்து குழு ஆரம்பித்தவர்கள். குழு பெரிதானதும் மாக்னார் வேண்டாம் என்று முடிவாகிறது. ஆட்டத்துக்காக ஃபோர்டே நகரத்துக்குப் போகும் வழியில், பேருந்தில் நண்பனின் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, யோஸ்டைன் அதைச் சொல்கிறார். இருவரும் அழுகிறார்கள்.

"இதை மாக்னாருக்கு வாசிச்சுக் காட்டணும்" என்றாள் தோருன்.

"எதுக்கு? இது பேட்டி இல்லையே. யோஸ்டைனோட நினைவு" என்றார் பெனெடிக்தே.

"மாக்னாரும் அதுக்குள்ள இருக்காரே."

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வண்டியில் அவளை மாக்னார் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மாக்னார் என் வகுப்பில் படித்தவன், பிறகு சால்மன் பண்ணையில் வேலை பார்த்தவன். காப்பி ஊற்றினான், வெண்ணெயும் சர்க்கரையும் தடவிய மெல்லிய லெஃப்சே ரொட்டியை வெட்டி வைத்தான். தோருன் வாசித்தாள். கை பிடித்த இடம் வந்ததும் மாக்னார் மெல்லுவதை நிறுத்தினான்.

"எந்த பஸ்மா அது?"

"ஃபோர்டே போன பஸ்."

"அதுல நான் ஏறவே இல்லையே. நான் போறதுக்குள்ள என் கிதார் பெட்டி கீழ இறங்கி நின்னுச்சு. டிரைவர் வந்து, ‘இன்னிலேர்ந்து நீ வேணாமாம்’னான். யோஸ்டைன் கடைசி சீட்ல ஜாக்கெட்டைத் தலைக்கு மேல இழுத்துக்கிட்டு தூங்கறான். ஜிகினா ஜாக்கெட் வேற. மின்னுது."

"நீ ஒண்ணும் கேக்கலியாடா?" என்றேன் நான்.

"கேட்டேனே. ‘ஆம்ப்ளிஃபயரும் என்னுது, அதையும் எறக்கு’ன்னு டிரைவரைக் கேட்டேன்."

தோருன் சிரிக்கவில்லை. "நீங்க சொன்னபடி மாத்தச் சொல்லவா?"

"அவன் புத்தகம் அது. என்ன வேணா எழுதிக்கட்டும். நான் அழுதேன்னு மட்டும் போடாதே."

மறுநாள் அவள் யோஸ்டைனிடம் போனாள். அங்கே நடந்ததை அவள் எனக்குச் சொன்னபடி எழுதுகிறேன். இந்தப் பகுதியை அவளுக்கு வாசித்தும் காட்டினேன். ஒரு இடத்தில் நான் யோஸ்டைன் கத்தியதாக எழுதியிருந்தேன், கத்தவில்லை என்று திருத்தினாள்.

"முப்பது வருஷமா இப்படித்தான் சொல்லிக்கிட்டிருக்கேன், தோருன். எனக்கே இப்படித்தான் ஞாபகம்."

"மாக்னாருக்கு அப்படி ஞாபகம் இல்லையே."

"அப்ப அவனும் ஒரு புத்தகம் போடட்டும்."

"அவரை உக்காரவெச்சு இந்தப் பக்கத்தை வாசிக்கறேன். நீங்களும் வாங்க. ரெண்டு பேரும் சரின்னா அப்படியே விட்டுடறேன்."

"வரமாட்டேன்."

"அப்ப என் பேரை எடுத்துடுங்க."

அவர் கத்தாமல், "சரி" என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. தரைவிரிப்புக் கடையிலிருந்து பல் டாக்டர் வரை எல்லாரிடமும் அட்டையைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தேன்.

"ஒரு கையைப் பிடிச்சா என்ன, பிடிக்காட்டி என்ன? யாருக்கு நஷ்டம்? மாக்னாரே விட்டுட்டானே!"

"பேரு கீழ இருந்தா, நானும் அந்த பஸ்ல இருந்து பாத்த மாதிரி ஆயிடும்ணே."

"அப்ப மடல்ல பிழை பாத்துக்கிட்டே இரு."

"பாத்துக்கறேன்."

அக்டோபரில் புத்தகம் அவள் பெயரில்லாமல் வந்தது. ஓட்டமாக ஓடியது. மதிப்புரை எழுதிய எல்லாரும் அந்தப் பேருந்து அத்தியாயத்தைத்தான் புகழ்ந்தார்கள். நவம்பரில் எங்கள் ஊர்க் கலாசார மண்டபத்தில் யோஸ்டைனைக் கூப்பிட்டு அதையே வாசிக்கச் சொன்னார்கள். நான் போனேன். தோருன் உட்காராமல், கோட்டு மாட்டும் இடத்தருகே நின்றாள். மாக்னாரை அவன் மனைவி இழுத்துவந்து நாலாவது வரிசையில் உட்காரவைத்திருந்தாள்.

யோஸ்டைன் நன்றாக வாசிப்பார். ஒத்திகை அறை, முதல் பேருந்து, அதன் பிரேக் என்று சொல்லிச் சிரிக்கவைத்தார். பிறகு, "நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து..." என்று வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நாலாவது வரிசை மேடைக்கு ரொம்பப் பக்கம். தண்ணீர் குடித்தார். மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, அடுத்த அத்தியாயத்தை ஆரம்பித்தார்.

எங்கள் ஊரில் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். ஆனால் மண்டபத்தில் இருந்தவர்களில் பாதிப்பேராவது அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள்.

இடைவேளையில் வாஃபிள் வாங்கும் வரிசையில் மாக்னாருக்குப் பின்னால் யோஸ்டைன் வந்து நின்றார். எனக்கு முன்னால் நடந்தது இது.

"ஜாம் இருக்கா?"

"இருக்கு."

அவ்வளவுதான். மாக்னார் ஜாமை அவர் பக்கம் தள்ளி வைத்தான்.

இரண்டு வாரம் கழித்து பெனெடிக்தே கூப்பிட்டபோது நான் தோருனின் சமையலறைத் தரையில் மண்டியிட்டு லினோலியம் விரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டாள். மறுபதிப்பு வருகிறதாம். பேருந்துப் பக்கத்தை எடுத்துவிட்டு யோஸ்டைனே இரண்டு வாக்கியம் எழுதி அனுப்பியிருக்கிறாராம்: "அந்த இலையுதிர் காலத்தில் மாக்னார் குழுவைவிட்டுப் போனான். போகவேண்டும் என்று அவனிடம் சொன்னது நான் இல்லை."

"இப்ப உங்க பேரைப் போடலாமா? நாளைக்கு அச்சுக்குப் போகுது" என்றார் பெனெடிக்தே.

நான் தரையிலிருந்தே பலமாகத் தலையாட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஒரு அஞ்சு நிமிஷம். திருப்பிக் கூப்பிடறேன்."

மாக்னாரைக் கூப்பிட்டு, அந்த இரண்டு வாக்கியத்தையும் நிதானமாக வாசித்தாள். ஒட்டுப்பசை காய்ந்துகொண்டிருந்தது, ஆனாலும் நான் அசையவில்லை.

"இலையுதிர் காலம் இல்லம்மா. பிப்ரவரி. கிதார் பெட்டி மேல பனி கிடந்துச்சு."

"பிப்ரவரின்னு மாத்தறேன். வேற?"

"அவனே எழுதினானா?"

"அவரேதான்."

"வேற ஒண்ணுமில்ல. போடு."

ஓஸ்லோவுக்குப் பேசியபோது முதலில் பிப்ரவரியைச் சொன்னாள். பெயரை அதற்கப்புறம்தான் சொன்னாள்.

மறுபதிப்பில் அவள் பெயரின் எழுத்து நாலு மில்லிமீட்டர் உயரம். என் எஃகு அளவுகோலை வைத்துப் பார்த்தேன். கடைக்கும் பல் டாக்டருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்தேன்.

வசந்தம் வருவதற்குள் பெர்கனிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற அறுவைசிகிச்சை நிபுணர் அவளைக் கூப்பிட்டார். தன் கதை மிகவும் சுவாரசியமானது என்று வெகுநேரம் சொன்னார். அவர் முடிக்கும்வரை அவள் குறுக்கே பேசவில்லை.

"சரிங்க டாக்டர், எழுதலாம்" என்றாள். "உங்க கதையில வர்றவங்கள்ல யார் யார் உயிரோட இருக்காங்க? அவங்க நம்பரெல்லாம் எனக்கு வேணும்."