லாத்தாவின் ஒரு வாய்த் தண்ணீர்

எங்கள் பள்ளிக்கூடத்து மாடிப்படிக்கு அடியில் ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. திருகினால் கொஞ்சம் இருமிவிட்டுத்தான் தண்ணீர் வரும். கேண்டீன் வரை நடக்கச் சோம்பல்படுகிறவர்கள் அங்கேயே கையில் பிடித்துக் குடிப்போம். ஒரு நாள் இடைவேளையில் லாத்தா அந்தக் குழாயின் முன் குனிந்து, இரண்டு கைகளையும் குவித்துத் தண்ணீர் பிடித்து வாயில் ஊற்றிக்கொண்டாள். பிறகு முகத்தை நிமிர்த்தினாள். அவள் தொண்டை ஒரு முறை ஏறி இறங்கியது. அது நோன்பு மாதம். வாய் கொப்பளிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் நினைக்க எனக்கு நேரமில்லை. சற்று முன்புதான் அவள் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கை நம்பி ஆசிரியர்களின் அறைக்கு ஓடும் அவசரத்தில் நான் இருந்தேன்.

லாத்தா என்றால் தமிழ் முஸ்லிம் வீடுகளில் அக்கா. அவள் எனக்கு அக்காவும் இல்லை, நாங்கள் முஸ்லிம்களும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பம். கடல் தாண்டி ஊரிலிருந்து தாமதமாக வந்து பள்ளியில் சேர்ந்ததால் அவள் வகுப்பில் எல்லாரையும்விட ஒரு வயது பெரியவள். டன்லப் ஸ்ட்ரீட்டில் அவளுடைய அத்தா, அதாவது அப்பா, பத்திரிகையும் சிகரெட்டும் மிட்டாயும் விற்கும் சின்னக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலேயே வீடு. அங்கே தம்பி தங்கைகள் மூச்சுக்கு ஒரு தரம் 'லாத்தா' என்று கூப்பிடுவதைக் கேட்டு எனக்கும் அதுவே பழகிவிட்டது. அவள் என்னைப் 'புள்ள' என்பாள். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் சீனப் பெண்கள். யாரும் எங்களிடம் முகம் சுளித்ததில்லை. ஆனால் மணி அடித்ததும் அவர்கள் அவர்களுடைய பேச்சுக்குப் போய்விடுவார்கள். எங்கள் பேச்சுக்கு நாங்கள் இருவரும் போய்ச் சேர்வோம்.

நோன்பு மாதத்தில் இடைவேளைகள் மாறிப்போகும். அவள் சாப்பிடாதபோது நான் மட்டும் எப்படி மீ கோரேங் நூடுல்ஸை வழித்துத் தின்பது என்று நானும் சாப்பிடாமல் குழாயடிப் படியில் உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு அது பிடிக்காது. "நீ பட்டினி கெடந்து எனக்கு எந்த நன்மையும் எழுத மாட்டாங்க. போய்த் தின்னுட்டு வாலா" என்று விரட்டுவாள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் நான் இனிப்பை விட்டுவிடுவதைப் பற்றி அவளுக்கு எப்போதும் கேலி. "தண்ணியும் குடிச்சிக்கிட்டு, சோறும் தின்னுக்கிட்டு, அதுக்குப் பேரு நோன்பா? அது டயட்டு." விளையாட்டுக்கு எதையும் சொல்வாள். ஆனால் நோன்பு மாதத்தில் ஒரு சின்னப் பொய்கூடச் சொல்ல மாட்டாள். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்றால் எழுதவில்லை என்று எழுந்து நின்று திட்டு வாங்கிக்கொள்வாள். ஏதாவது ஒன்றை நான் நம்ப மறுத்தால், "நோன்பு வாயோட சொல்றேன் புள்ள" என்பாள். அதற்கு மேல் பேச்சில்லை.

செகண்டரி டூ முடியப்போகிற நேரம். மூன்றாம் ஆண்டுக்கு யார் எந்த வகுப்புக்குப் போவது என்று முடிவாக வேண்டியிருந்தது. நன்றாகப் படிக்கிற சிலரை மட்டும் கூப்பிட்டு, விருப்பம் இருந்தால் கூடுதல் கணிதமும் பௌதிகமும் எடுக்கலாம் என்றார்கள். அதில் எங்கள் இருவர் பெயரும் இருந்தது. எங்கள் பள்ளியில் அதற்கு ஆய்வுக்கூடமும் இல்லை, ஆசிரியரும் இல்லை. வாரத்தில் மூன்று பிற்பகல் பக்கத்து ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் படிக்க வேண்டும். அது மிகக் கடினம், பாதியில் விட்டால் திரும்ப இடமில்லை, நன்றாக யோசித்து வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுங்கள் என்று வகுப்பாசிரியை சொன்னார். எடுக்காதவர்களுக்குக் காமர்ஸ் வகுப்பு.

யோசிக்கச் சொன்னார்களே தவிர, யாரோடு உட்கார்ந்து யோசிப்பது என்று சொல்லவில்லை. அப்பா ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் செகண்டரி பள்ளியின் வாசலைக்கூடத் தாண்டியதில்லை. "டீச்சர் நல்லதுதான் சொல்லுவாங்க, அவங்க சொல்றபடி செய்மா" என்றார் அப்பா. டீச்சர் என்னைத்தான் முடிவெடுக்கச் சொல்கிறார் என்பதை அவருக்கு விளக்க முடியவில்லை. அம்மா ஆண்கள் பள்ளி என்றதும் மீன் கழுவிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு, "ஒத்தையிலயா போவே?" என்று மட்டும் கேட்டாள். கோயிலில் ஃபாதரிடம் கேட்டேன். மாதாவிடம் கேள் என்றார். கேட்டேன். மாதாவுக்குக் கணிதத்தில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கோ அந்தக் கணக்கு வேண்டும் என்று உள்ளுக்குள் ஓர் ஆசை கிடந்து அரித்தது. அம்மா கேட்ட அந்த 'ஒத்தையிலயா'வும் கூடவே கிடந்தது. லாத்தா வந்தால் போவது, வராவிட்டால் காமர்ஸ்தான் என்று முடிவு செய்தேன். இதை அவளிடம் சொல்லவும் செய்தேன்.

அவள் ஒவ்வொரு நாளும் "பாப்போம்" என்றாள். வெள்ளிக்கிழமை இடைவேளையில் குழாயடியில் அவளைப் பிடித்து நிறுத்தினேன். "நீ வர்றியா இல்லையா, இப்பச் சொல்லு" என்றேன்.

"வர்றேன்" என்றாள்.

"நெசமாவா? நோன்பு வாயோட சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். "அதான் சொல்லிட்டேன்ல. நானும் வர்றேன் புள்ள. நீ முன்னாடி போய்ப் பேரக் குடு, நான் பின்னாடி வர்றேன்" என்றாள். பிறகு திரும்பிக் குழாயைத் திருகினாள். தண்ணீரைப் பிடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. நான் ஓடினேன்.

ஜனவரியில் முதல் நாள் பிற்பகல், ஆண்கள் பள்ளியின் பௌதிக ஆய்வுக்கூடத்தில் இரண்டிரண்டு பேராக உட்காரும் நீண்ட மேசைகள் இருந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த முக்காலியில் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தேன். ஆசிரியர் பெயர்களைப் படித்தார். அவள் பெயர் வரவில்லை. விட்டுப்போயிருக்கும் என்று கை தூக்கிச் சொன்னேன். அவர் மறுபடி பார்த்துவிட்டு, அப்படி யாரும் பெயர் கொடுக்கவில்லை என்றார். எங்கள் எண்ணிக்கை ஒற்றைப்படை. எல்லாரும் ஜோடி சேர்ந்தபின் மிஞ்சியவள் நான். பையை எடுத்துக் கீழே வைத்தேன். அந்த முக்காலி இரண்டு வருஷமும் காலியாகவே இருந்தது.

அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமில்லை. பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இறங்க வேண்டிய தேக்கா வரை அழுதேன். மறுநாள் அவளைத் தேடினால், புது அட்டவணையில் எங்கள் வகுப்புக்கு முதல் இடைவேளை, அவர்கள் வகுப்புக்கு இரண்டாவது. நாங்கள் படியேறும்போது அவர்கள் இறங்குவார்கள். "அம்மாவுக்கு முடியல புள்ள, அப்புறம் சொல்றேன்" என்று ஒரு நாள் கூட்டத்தோடு போகிற போக்கில் சொன்னாள். நாங்கள் சேர்ந்து உட்காரும் தமிழ் வகுப்பு இருந்த பிற்பகலில் எனக்கு ஆய்வுக்கூடம் வந்துவிட்டதால், சனிக்கிழமை வேறு ஒரு மையத்துக்குத் தமிழ் படிக்க அனுப்பிவிட்டார்கள். அதுவும் போயிற்று. கணக்கு கடினமாகத்தான் இருந்தது. ஆனால் கடினம் என்று பயமுறுத்திய ஆசிரியை இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஒரு கணக்கு வராமல் போனால் "உனக்கு வந்துச்சா?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். வந்துவிட்டால் சொல்லிச் சிரிக்கவும் ஓர் ஆள் வேண்டும். எனக்கு அந்த இரண்டும் இல்லை. விடையைக் கண்டுபிடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த பிற்பகல்கள்தான் எனக்கு அதிகம் நினைவிருக்கின்றன.

அடுத்த நோன்பு மாதம் வந்தபோது ஒரு நாள் பள்ளி விட்டதும் டன்லப் ஸ்ட்ரீட்டுக்கே போய்விட்டேன். கடையில் அத்தா இல்லை. அவள்தான் இருந்தாள், இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு. கடைசித் தம்பி. அவன் பிறந்ததிலிருந்து அவள் அம்மாவால் நிமிர்ந்து உட்கார முடியாமல் போயிருந்தது. அத்தா படிக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லையாம். ஆனால் அவளுக்குப் பிற்பகல் என்ற ஒன்று மிச்சமில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே வைத்தியர் அம்மாவைப் படுக்கச் சொல்லிவிட்டதால், குழாயடியில் நின்ற அன்றே அது அவளுக்குத் தெரியும்.

"நோன்பு வாயோட பொய் சொன்னியே" என்றேன். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, தெருவில் யாராவது கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அவள் குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு எனக்கு நோன்பு இல்ல. பொம்பளைங்களுக்கு மாசத்துல அந்த நாள்ல நோன்பு கெடையாது, தெரியுமா? பின்னாடி வச்சுக்கணும்."

எனக்குத் தெரியாது. அந்த நாட்களிலும் வெட்கப்பட்டுக்கொண்டு நோன்பு இருப்பதுபோலவே பெண்கள் காட்டிக்கொள்வார்கள், சொந்தத் தங்கையின் முன்னால்கூட ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார்கள் என்பதை அவள் சொல்லித்தான் அறிந்தேன். அப்படிப்பட்டவள் என் கண் முன்னால் குடித்திருக்கிறாள்.

"ஒனக்குத் தெரியட்டும்னுதான் ஒன் முன்னாடியே குடிச்சேன். நின்னு ஒரு வார்த்த கேட்டிருந்தீன்னா உண்மையச் சொல்லியிருப்பேன். நீ ஓடிட்டே." குழந்தையின் தலையைத் தடவிவிட்டு, "நல்லவேள, கேக்கல" என்றாள். "நான் வரலேன்னா நீ போயிருக்க மாட்டேலா."

போயிருக்க மாட்டேன். அது உண்மை. அவள்மேல் இருந்த கோபம் அங்கேயே இறங்கிவிட்டது. ஆனால் கோபம் போன இடத்தில் சந்தோஷம் வரவில்லை. குழந்தை அழ ஆரம்பித்தது. யாரோ பத்திரிகை கேட்டு வந்தார்கள். பள்ளிவாசலில் வாங்கி வைத்திருந்த கஞ்சியில் பாதியை ஒரு தூக்கில் ஊற்றி என் கையில் கொடுத்து, வீட்டுக்குப் போய்க் குடி என்றாள். எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து அதைக் குடித்தபோது, இந்த நேரத்தில் அவளும் நோன்பு திறந்து இதைக் குடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அந்த வருஷம் நாங்கள் சேர்ந்து சாப்பிட்டது அவ்வளவுதான்.

நான் பல்கலைக்கழகம் போனேன். கட்டுமானப் பொறியாளராக வேலைக்குச் சேர்ந்தேன். எண்பதுகளில் இந்த ஊர் முழுக்கக் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது, வேலைக்குக் குறைவில்லை. வேலைத்தளத்துக் கொட்டகையில் ஆண்களெல்லாம் ஒரு மேசையில் சாப்பிட, நான் வரைபடங்கள் கிடக்கிற மேசையில் சாப்பிடுவேன். எனக்கு அது புதிதாகப் படவில்லை. பதினைந்து வயதிலேயே பழகிய இடம். ஒரு ஞாயிறு பூசை முடிந்து தேக்கா சந்தைக்குப் போனபோது கறிவேப்பிலைக் கடையில் லாத்தா நின்றிருந்தாள். கல்யாணமாகி, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை. என் வேலையைக் கேட்டுப் பிள்ளையிடம், "இந்த ஆன்ட்டி பில்டிங் கட்டுறாங்க" என்று தானே கட்டியதுபோல் சொன்னாள். பிறகு, பத்து வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததுபோல் கேட்டாள்:

"அந்த கிளாஸ்ல ஒன் பக்கத்துல யாரு புள்ள ஒக்காந்தா?"

யாராவது ஒருத்தி பெயரைச் சொல்லியிருக்கலாம். எனக்கு நோன்பும் இல்லை, தவக்காலமும் இல்லை. ஆனால் அவளிடம் என்னால் முடியவில்லை. "யாருமில்ல லாத்தா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். கறிவேப்பிலையை எடுத்துப் பையில் போட்டாள், பிறகு வெளியே எடுத்தாள், மறுபடியும் போட்டாள். "ஒன் கணக்கு டைம்ல நான் அதத்தான் நெனச்சிக்கிட்டிருப்பேன், யாராச்சும் ஒக்காந்திருப்பாங்கன்னு" என்றாள். அவளை அதன்பின் நான் பார்க்கவில்லை. கணவரோடு ஊருக்கே போய்விட்டதாகக் கேள்வி. டன்லப் ஸ்ட்ரீட் கடை கைமாறி இப்போது அங்கே கைபேசி விற்கிறார்கள்.

பள்ளி எப்போதோ புறநகருக்குப் போய்விட்டது. பழைய கட்டடத்தை வெள்ளையடித்து உணவகங்கள் ஆக்கிவிட்டார்கள். போன நோன்பு மாதத்தில் ஒரு மதியம் சும்மா உள்ளே போனேன். மாடிப்படி அப்படியே இருந்தது. குழாய் இருந்த இடத்தில் சுவரைப் பூசி, இரண்டு பேர் உட்காரும் சின்ன மேசை ஒன்றைப் போட்டிருந்தார்கள். அங்கேதான் உட்கார வேண்டும் என்று கேட்டு உட்கார்ந்தேன். பணியாளர் இளைஞன் ஒரு குவளையில் தண்ணீர் ஊற்றிவிட்டு, நான் ஒருத்திதானா என்று கேட்டு, எதிரே இருந்த குவளையை எடுக்கக் கை நீட்டினான். இருக்கட்டும் என்றேன். இன்னொருவர் வருகிறார் என்று நினைத்துக்கொண்டு அதிலும் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனான். நான் என் தண்ணீரைக் குடித்தேன். எதிரே இருந்தது அப்படியே இருந்தது. அதைப் பார்த்து, அன்றைக்கு நின்று கேட்டிருக்க வேண்டிய ஒரு வார்த்தையை மெதுவாகக் கேட்டேன்: "லாத்தா, இன்னிக்கு நோன்புதானே?"