குரலுக்கு முந்திய சிரிப்பு

ரைபிள் ரேஞ்ச் பிளாட்டில் எங்கள் வீட்டிலிருந்து நாலு கதவு தள்ளி இருப்பவர் குணவதி அக்கா. ஒரு சனிக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்றுகொண்டு, "தம்பி தனேஷ், படமும் பாக்கணும், பாட்டும் கேக்கணும். ரெண்டுக்கும் சேத்து ஒரே செட்டு. எது வாங்கலாம்?" என்று கேட்டார்.

இப்படி யாராவது என்னைக் கேட்க மாட்டார்களா என்று பல வருஷமாக ஏங்கியவன் நான். மத்தியானத்துக்குள் பட்டியல் தயார். எல்லாவற்றையும் இணைக்க ரிசீவர் ஒன்று, முன்னால் மூன்று ஸ்பீக்கர், பின்னால் இரண்டு, தரை அதிர ஒரு சப்வூஃபர்.

அக்கா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "பின்னாடி ரெண்டு எங்க வைக்கறது? சோபாவுக்குப் பின்னாடி சுவரு. சுவருக்கு அந்தப் பக்கம் மிசஸ் லிம். அவங்களுக்கும் சேத்தா படம் போடறது?"

நான் யாருக்கு ஸ்பீக்கர் பாடம் நடத்தினேன் என்று நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் இருந்த ஒரு ஸ்பீக்கர் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் காதால் சோதனை செய்தவர் அக்கா. சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டிய ஒரு சின்ன அறை. ஸ்பீக்கர் ஒவ்வொன்றாக முன்னால் வரும். தடித்த சத்தத்தில் ஆரம்பித்து மெல்லிய கீச்சு வரை ஒரே இழுப்பாக ஓடும். நடுவில் எங்காவது உரசல் கேட்டால் சிவப்பு கிரேயானில் ஒரு குறுக்குக்கோடு போட்டு ஒதுக்கிவிட வேண்டும். சளி பிடித்தால் அன்று அந்த அறைக்குள் விட மாட்டார்கள். "மூக்க உறிஞ்சினாலே சூப்பர்வைசர் வந்து நிப்பாரு" என்பார்.

அவர் கணவர் பிச்சைமுத்து அண்ணனுக்கு அங்கேயே இரண்டு தெரு தள்ளி வேலை. தகடு அடிக்கிற பட்டறை. அந்தக் காலத்தில் அங்கே காதில் மாட்ட யாரும் எதுவும் கொடுக்கவில்லை. இருவரும் விடியற்காலை ஃபெரியில் ஒன்றாகப் போய், சாயங்கால ஃபெரியில் ஒன்றாகத் திரும்புவார்கள்.

"திரும்பி வர்றப்ப எனக்கு ஒரு சத்தமும் ஆகாது. அவருக்கோ கத்திக் கத்தித்தான் பேச வரும். முந்தின நாள் பாத்த பட காமெடிய அப்படியே நடிச்சுக் காட்டுவாரு. பக்கத்துல நிக்கற மலாய்க்காரங்க, சீனவங்க எல்லாம் சிரிப்பாங்க. நான் கடல பாத்துக்கிட்டு, தெரியாத ஆளு மாதிரி நிப்பேன்." அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப அந்த மாதிரி ஒரு தடவ பண்ண மாட்டாரான்னு இருக்கு."

அப்புறம்தான் விஷயம் வந்தது.

நம் டிவியில் தமிழ்ப் படம் ஓடினால் கீழே மலாய் எழுத்து ஓடும். நடிகர் வாயைத் திறந்ததுமே முழு வரியும் வந்து நின்றுவிடும். போன வருஷம் ஒரு நாள் அக்கா கவனித்தார். அண்ணன் சிரித்தார். அதற்கப்புறம்தான் நடிகர் அந்த ஜோக்கைச் சொல்லி முடித்தார். அடுத்த ஜோக்குக்கும் அப்படியே. இருபத்தாறு வருஷம் உரசல் தேடிய காதுக்கு அது போதும்.

"அடுத்த வாரம் எழுத்து இல்லாத படம் ஒண்ணு போட்டாங்க. மனுஷன் கல்லு மாதிரி உக்காந்திருந்தாரு. பாதியில எழுந்து கீழ காப்பிக் கடைக்குப் போயிட்டாரு. இப்ப படம்னாலே கடைதான்."

ஆஸ்பத்திரியில் பார்த்ததில் இடது காது சுத்தமாக இல்லை, வலது காது பாதி. கொடுத்த கருவி டப்பாவோடு அலமாரியில் கிடக்கிறது.

"நீங்க எடுத்துச் சொல்லலாம்லக்கா."

"என்னன்னு சொல்றது? அவருக்குக் காது நல்லாத்தான் இருக்காம், டிவி சத்தம்தான் சரியில்லையாம். சரி, அந்த டிவி சத்தத்தையே மாத்திடுவோம். அவர் வாயால எதையும் ஒத்துக்க வேணாம். சோபாவுல வந்து உக்காந்தா போதும்லா."

அடுத்த சனிக்கிழமை பர்மா ரோட்டுப் பக்கம் அப்துல் காதர் பாயின் கடைக்குப் போனோம். பாய் உற்சாகமாக ஒரு சண்டைப் படத்தைப் போட்டார். "பாருங்கக்கா, ஹெலிகாப்டர் உங்க தலைக்கு மேல போகுது."

"ஹெலிகாப்டர் எனக்கெதுக்கு பாய்? ஆளு பேசறத போடுங்க. ரேடியோ நியூஸ் இருந்தா நல்லது."

இருபது வருஷமாகக் கடை நடத்துகிறவர், செய்தி போட்டு ஸ்பீக்கர் விற்றதில்லையாம். போட்டார். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடினார். இடது உள்ளங்கையால் இடது காதை அழுத்தி மூடிக்கொண்டார். வலது காதில் கைப்பையிலிருந்து எடுத்த பஞ்சைக் கொஞ்சம் வைத்துக்கொண்டார்.

அவர் தனக்காகக் கேட்கவில்லை. அண்ணனாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டுக்கு இரண்டே ஸ்பீக்கர்தான் அழகு என்பது என் கட்சி. நான் சொன்னதற்காக அதையும் கேட்டார். "பாட்டு நல்லாருக்கு. ஆனா இடது பக்கத்து வயலின் ஒதுங்கிப் போச்சு. பேச்சும் எங்கேருந்து வருதுன்னு தெரியல." நடு ஸ்பீக்கரையும் சேர்த்துப் போட்டதும் முகம் மாறியது. தலையை ஆட்டினார். ஆனால் ஒரு நிமிஷத்தில் ஆள்காட்டி விரல் தானாக மேலே போனது.

"இதுல உரசுது."

"புது பீஸுக்கா, இப்பத்தான் டப்பாவ பிரிச்சேன்."

"ஆம்பள குரல் கீழ இறங்கறப்ப உரசுது. வேற எடுங்க."

பாய் காதை வைத்துக் கேட்டார். நானும் கேட்டேன், ஒன்றும் தெரியவில்லை. அக்கா பஞ்சை எடுக்கக்கூட இல்லை, அதே இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். நாலாவது தடவையில், காகிதத்தில் ஈ நடக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் எனக்கும் பிடிபட்டது.

பாய் வேறு டப்பாவைப் பிரித்துக்கொண்டே, "அக்கா, வாரத்துல ரெண்டு நாள் கடைக்கு வாங்களேன், சம்பளம் தர்றேன்" என்றார்.

"சம்பளத்த விடுங்க. டெலிவரிய இன்னிக்கே அனுப்புங்க."

கடைசியில் வாங்கியது முன்னால் வைக்கிற மூன்று ஸ்பீக்கர், அதில் நடு ஸ்பீக்கர்தான் எல்லாவற்றிலும் ஒசத்தி. கூடவே, பேச்சை மட்டும் தனியாகக் கூட்டிக் குறைக்க முடிகிற ஒரு ரிசீவர். சப்வூஃபரை நான் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வயர் எல்லாம் மாட்டினேன். சோபாவில் அண்ணனுடைய இடம் இடது ஓரத்துக்கு மாறியது, அங்கேதான் காற்று வருகிறது என்றார் அக்கா. ஸ்பீக்கர்கள் இப்போது அவருடைய வலது காதுப் பக்கம்.

"என்ன படங்க்கா போடறது?"

"அவரு பாக்காத படமா போடு. பாத்த படம்னா ஞாபகத்துல சிரிச்சிடுவாரு. டெஸ்ட்டுன்னா டெஸ்ட்டா இருக்கணும். எழுத்த எடுத்துடு."

அண்ணன் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். திரையின் அடியில் தேடினார். "எழுத்து எங்கடி?"

"புது செட்டுல வராதாம்."

அவர் என்னைப் பார்த்தார். "ஆமாண்ணே" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு நல்ல பொய் நான் சொன்னதில்லை.

படம் ஓடியது. அக்கா திரையைப் பார்க்கவே இல்லை. மடியில் ரிமோட்டை வைத்துக்கொண்டு அண்ணனின் முகத்தையே பார்த்தார். முதல் ஜோக் வந்தது, போனது. அண்ணன் சிரிக்கவில்லை. அவர் கால் மெல்லச் செருப்பைத் தேட ஆரம்பித்தது. நான் மொத்தச் சத்தத்தையும் கூட்டப் போனேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பேச்சை மட்டும் இரண்டு புள்ளி ஏற்றினார்.

இரண்டாவது ஜோக். மாமனார் கேட்கிறார், மருமகன் பதில் சொல்லி முடிக்கிறார். ஒரு விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார்.

குரலுக்குப் பின்னால்.

நான் வயர் சரிபார்க்கிற சாக்கில் டிவிக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நான் அப்பவே சொன்னேன்ல, டிவி சத்தம்தான் சரியில்லன்னு" என்றார் அண்ணன்.

"ஆமாங்க, டிவிதான்" என்றார் அக்கா.

அண்ணன் எழுந்து நின்று அந்த மருமகனின் பதிலை அப்படியே கையை ஆட்டி, ஃபெரியில் பேசின அதே கத்தலில் நடித்துக் காட்டினார். செருப்பு சோபாவுக்கு அடியில் போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிசஸ் லிம் இரண்டு தட்டு தட்டினார்.

"தட்டட்டும்" என்றார் அக்கா. "இன்னொரு தடவ சொல்லுங்க."