கிளாரா பாடினார், நாங்கள் செருமினோம்

ஒலிபெருக்கிக்காரனை யாரும் திரும்பிப் பார்க்காத நாள்தான் அவனுக்கு நல்ல நாள். ஒருமுறையாவது ஒரு மேடையில் மைக்கைத் தட்டி "ஹலோ, ஹலோ" சொல்லிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மண்டபம் முழுவதும் நம்மைப் பார்க்கிறது என்றால் எதுவோ கீச்சிட்டுவிட்டது என்று அர்த்தம். எண்பதுகளில் ஆக்லாந்தில், வாரநாட்களில் கம்பளித் தொழிற்சாலையிலும் வார இறுதிகளில் என் பழைய வேனோடும் வேலை பார்த்தேன். வேனுக்குள் இரண்டு ஒலிபெருக்கிப் பெட்டிகள், ஓர் ஆம்பிளிஃபையர், இரண்டு மைக், கொஞ்சம் வயர். வயர் எந்த மண்டபத்திலும் போதாது. அதுவும் உங்களுக்குத் தெரிந்ததே.

முதல் பாட்டு

இங்கே டெயரி என்று சொல்லும் எங்கள் தெருமுனைக் கடையின் கண்ணாடியில் "ஒலிபெருக்கி, வேன், ஓட்டுநர் மூன்றும் கிடைக்கும்" என்று ஓர் அட்டை ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்து வந்தவர் கிளாரா. போர்த்துக்கலில் கோயிம்பிரா என்ற ஊர்க்காரர். அங்கே தானே பாட்டு எழுதித் தானே பாடி, ஓர் இசைத்தட்டும் வெளியிட்டவர். நியூசிலாந்துக்காரரான ஒரு கப்பல் எஞ்சினியரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்து, பகலில் பேக்கரியில் பாண் சுட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டிகளைச் சோதிக்க எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு பாட்டுப் பாடினார். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் பாட்டு முடிந்தபோது கையில் இருந்த ஸ்குரூட்ரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினேன். அவர் முகம் சுருங்கியது. அவருடைய ஊரில் பழைய தேவாலயத்து வாசலில் மாணவர்கள் இப்படிப் பாடுவார்களாம். கேட்கிறவர்கள் கை தட்டமாட்டார்களாம், மெல்லத் தொண்டையைச் செருமுவார்களாம். அதுதான் அங்கே பெரிய பாராட்டு. "கை தட்டினால் போதும், நிறுத்து என்று சொல்வதுபோல இருக்கிறது, ராசன். பிடித்திருந்தால் செருமுங்கள்" என்றார்.

மீன் உணவகம்

துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் பாடக் கிடைத்தது. எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலப் பாட்டுகளைத்தான் பாட வேண்டும். இனிப்பு வருவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று அவருடைய சொந்தப் பாட்டாக இருக்கலாம். அது முதலாளியின் ஏற்பாடு. அந்த ஒரு பாட்டுக்காக மற்றப் பதினைந்தையும் கிளாரா பல்லைக் கடித்துக்கொண்டு பாடினார். அது தொடங்கும்போது நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுவேன். அது என்னுடைய ஏற்பாடு.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பாட்டின் நடுவில் ஓர் அம்மையார் எழுந்து என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. 'பாட்டு ஆளை உருக்கிவிட்டது' என்று எனக்குள் ஒரு பெருமை. அவர் குனிந்து, "மிக அழகான பாட்டு. கொஞ்சம் குறைத்து வைக்க முடியுமா? என் கணவர் மன்னிப்புக் கேட்கிறார், எனக்குச் சரியாகக் கேட்கவில்லை" என்றார்.

மாசியில் ஒரு தோட்டம்

மாசி என்ற புறநகரில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் பிறந்தநாள் விருந்து. வயர் போதாததால் அவர்கள் சமையலறைச் சன்னல் வழியாக மின்சாரம் எடுத்திருந்தேன். கிளாரா பாடத் தொடங்கிச் சற்று நேரத்தில் பெட்டிகள் இரண்டும் ஊமையாகிவிட்டன. நான் புல்லில் முழங்காலிட்டு ஒவ்வொரு இணைப்பாக அசைத்துப் பார்க்கிறேன். கிளாரா நிறுத்தவில்லை. காற்றுக்கு எதிராகத் தொண்டையால் மட்டுமே பாடி முடித்தார். கடைசியில் சமையலறைக்குப் போய்ப் பார்த்தால், என் பிளக் கழற்றப்பட்டு மேசையில் கிடக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் கொதிக்கும் ஜக். வீட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டே, "அட, அது உங்களுடையதா? பாட்டுக்காரிக்குத்தான் தேநீர் போடுகிறேன்" என்றார்.

திரும்பி வரும்போது வேனில் கிளாரா கித்தாரை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு, அக்டோபர் வரைதான் பார்ப்பது என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். பேக்கரியில் முழுநேர வேலை தயாராக இருந்தது. சேர்ந்தால் வார இறுதியும் போய்விடும். "அதற்குள் ஒருவராவது என் பாட்டைப் பாட்டாகக் கேட்காவிட்டால், கித்தாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவேன், ராசன்" என்றார்.

கதிரை

அன்று அவரை அப்படியே வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். என் மனைவி மங்கைக்கு ஆங்கிலம் வரும். ஆனால் பதற்றத்தில் தமிழ்தான் முந்தும். "அந்தக் கதிரையில இருங்கோ" என்றாள். நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் கிளாரா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். குசினி, அலுமாரி என்று மங்கை சொல்லச் சொல்ல, கிளாரா சமையலறையையும் அலமாரியையும் சரியாகக் கைகாட்டினார். நானூறு வருடத்துக்கு முன் அவருடைய ஆட்கள் எங்கள் யாழ்ப்பாணத்தில் விட்டுப்போன போர்த்துக்கேயச் சொற்கள். புட்டைப் பரிமாறிக்கொண்டே மங்கை என்னிடம், "வீட்டுச் சாமானெல்லாம் தெரிஞ்சிருக்கு. எங்கட விழாவில ஒருக்கா பாட விடுங்கோவன்" என்றாள்.

தலைவர் செருமினார்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழா செப்டம்பரில், மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு தேவாலய மண்டபத்தில். தலைவர் சிவபாதம் அண்ணை, பிள்ளைகளின் நடனத்துக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் இடையில் ஒரு பாட்டுக்கு இடம் தந்தார். ஒன்று, அதற்குமேல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி நடத்தும் ஒரு வானொலிக்காரரைக் கேட்க வரும்படி கிளாரா கெஞ்சி அழைத்திருந்தார். பாட்டு தொடங்கியபோது வானொலிக்காரரைக் காணவில்லை.

முதல் பாட்டு முடிந்தது. பின்னாலிருந்து சோற்று வாசனை வந்தது. முன்வரிசையில் சிவபாதம் அண்ணை பலமாகச் செருமினார். எங்கள் ஆட்களில் பெரியவர் செருமினால் 'பாடினது காணும், இறங்கு' என்று அர்த்தம். இதைக் கிளாராவுக்குச் சொல்லிவைக்க மறந்துபோனேன். அவர் முகம் விளக்குப் போட்டதுபோல மலர்ந்தது. அடுத்த பாட்டைத் தொடங்கினார். அது முடிந்ததும் அண்ணை இன்னும் பலமாகச் செருமினார். செயலாளரும் பொருளாளரும் சேர்ந்துகொண்டார்கள். கிளாரா நெஞ்சில் கை வைத்துக் குனிந்துவிட்டு, யாருக்கும் பாடிக்காட்டாத ஒரு புதுப் பாட்டை எடுத்தார். மங்கை ஓடிவந்து, "என்னப்பா, அவர் செருமச் செரும இவ பாடுறா! மைக்கை நிப்பாட்டுங்கோ" என்றாள். கை சுவிட்சில்தான் இருந்தது. அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டு வானொலிக்காரர் உள்ளே வந்தார். நான் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.

சாப்பாட்டுக்குப் போகுமுன் கிளாரா நேரே தலைவரிடம் போய், தன் ஊரில்கூட யாரும் தனக்காக இவ்வளவு மனதாரச் செருமியதில்லை என்று கைகூப்பினார். அண்ணை என்னைப் பார்த்தார். நான் தமிழில் விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நான் பாராட்டினதாவே இருக்கட்டும், தம்பி. சோறு ஆறினதுக்கு மட்டும் நீ பதில் சொல்லு" என்றார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

வானொலிக்காரர் அந்த மூன்றாவது பாட்டைத்தான் கேட்டார். அதிலிருந்தே தொடங்கி மூன்று பாட்டுகளை ஒலிப்பதிவு செய்யலாம் என்று அடுத்த வாரமே அழைத்தார். முதல்முறையாக எனக்குத் தூக்க எதுவும் இல்லை. ஒலிப்பதிவு அறையின் மூலையில் உட்காரவைத்து, மூச்சுச் சத்தமும் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாட்டு முடிந்தது. கடைசி நரம்பின் அதிர்வு இன்னும் அடங்கவில்லை. நான் எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன், தொண்டை கேட்கவில்லை, பாதிச் செருமல் வெளியே வந்துவிட்டது. கண்ணாடிக்கு அப்பாலிருந்த ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்து, இன்னொருமுறை எடுக்கலாம், உங்கள் நண்பர் வெளியே இருக்கட்டும் என்றார். கிளாரா கித்தாரை மடியிலிருந்து எடுக்காமலே, "வேண்டாம். அதோடுதான் பாட்டு முடிகிறது" என்றார்.

அக்டோபரின் முதல் ஞாயிறு காலை, நாங்கள் தோசைக் கல்லை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டோம். மூன்று பாட்டும் முழுதாக வந்தன, யாரும் குறைக்கச் சொல்லவில்லை. எங்களோடிருந்து கேட்ட கிளாரா, பேக்கரியில் முழுநேர வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். மங்கை அப்போதுதான் மூச்சை விட்டாள். நானும்தான். உடனே தொலைபேசி அடித்தது. சிவபாதம் அண்ணை. "தம்பி, நல்ல பாட்டு. கடைசியில செருமினது நானெண்டு ஊரெல்லாம் சொல்லுது. நானில்லை எண்டு நீ ஒருக்காச் சொல்லிவிடு" என்றார்.

வாரம் தவறாமல் மற்றவர்களின் சத்தத்தையே தூக்கித் திரிந்த எனக்கு, இன்றுவரை வானொலியில் வந்திருக்கும் ஒரே சொந்தப் படைப்பு அந்த அரைச் செருமல்தான்.