அக்கா துடைத்த சூரியன்

என் அக்காவுக்குச் சுத்தம் ஒரு வியாதி. நாம் சாப்பிட்டு முடிப்பதற்குள் தட்டைப் பிடுங்கிக் கழுவிவிடுவாள். சூரியனை ஆராயும் கூடத்தில் கிடைத்த வேலையும் அவளுக்கென்றே வாய்த்தது. சூரியனுடைய முகத்தில் காந்தம் எங்கெங்கே இருக்கிறதென்று ஒரு துருவத்தைக் கறுப்பாகவும் மறு துருவத்தை வெள்ளையாகவும் காட்டும் படங்கள் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று வரும். பெரிய புள்ளிகளை விட்டுவிட்டு, சுற்றிலும் கொட்டிப்போன ரவையும் கடுகும் போலக் கிடக்கும் பொடிப்புள்ளிகளைப் படமெடுக்கும் கருவியில் படிந்த தூசி என்று அழித்துவிடுவாள். மாதக் கடைசியில், இடத்தை அடைக்கிறதென்று அசல் படங்களையும் நீக்கிவிடுவாள். பதினோரு வருடமாக இதே வேலை. அங்கே அவளுக்குத் துடைப்பம் என்றே பெயர்.

போன மாதம் கருவியின் கண்ணாடியை மாற்றினார்கள். புதுக் கண்ணாடியில் வந்த படத்திலும் பொடிப்புள்ளிகள் இருந்தன. அக்கா எரிச்சலோடு அன்றைய படங்களை வரிசையாக ஓடவிட்டாள். தூசி நகராது, இவை நகர்ந்தன. வெறும் இடத்தில் ஒரு கறுப்பும் ஒரு வெள்ளையும் ஜோடியாக முளைத்து ஆளுக்கொரு பக்கம் போயின. எதிர் நிறத்தோடு மோதினால் இரண்டுமே காணாமல் போயின. ஒவ்வொன்றும் ஒரு பெரிய ஊரே அடங்கும் அகலம். காலையில் பார்த்தவற்றில் பெரும்பாலானவை சாயங்காலம் இல்லை. ஆனாலும் புள்ளிகள் குறையவே இல்லை. "மூச்சு விடக்கூட மறந்துட்டேன்டி" என்றாள் என்னிடம். கேட்ட எனக்கே உடம்பு சிலிர்த்தது.

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. இத்தனை வருடம் துடைத்தது தூசியை அல்ல, சூரியனை. வெளியே சொல்லாதே, வேலை போய்விடும் என்றேன். அவள் என்னை முறைத்தாள்.

மறுநாள் தலைமை ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். பெரிய புள்ளிகள் பதினோரு வருடத்துக்கு ஒருமுறை பெருகிக் குறையும். பொடிசுகளும் கூடவே ஏறி இறங்குமா, இல்லை தம்பாட்டுக்கு இருக்குமா என்று அறிய ஒரு முழுச் சுற்றின் படங்கள் வேண்டுமாம். அக்கா துடைத்தது சரியாக அதைத்தான்.

"நானும் பெரிசை மட்டும்தாம்மா பாத்தேன்" என்றார் அவர்.

அக்கா விடவில்லை. "சார், நான் ரிட்டயராக இன்னும் பதினோரு வருஷம் இருக்கு. அதே நாற்காலியைக் குடுங்க. ஒரு புள்ளியைக்கூடத் தொடமாட்டேன்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்த படம் வர்ற நேரமாச்சு. போய் உக்காருங்க."