இரண்டு வண்டிக்கு ஒரு தாள்

முதலில் என் கண்ணில் பட்டது சிவப்பு மையில் போட்ட ஒரு வட்டம். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்க்கும் கோ ஸோ எங்கள் வாசலில் நின்றுகொண்டு, நான்காக மடித்த நகல் தாள் ஒன்றைப் பிரித்து நீட்டினார். அதன் கடைசி வரியைச் சுற்றி ஆஸ்பத்திரியில் யாரோ வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் எதுவும் எழுதியிருக்கவில்லை. "மா ரீத்தா இன்னைக்கு விடியக்காலை போயிட்டாங்க" என்று பர்மிய மொழியில் சொன்னார். அது காதில் விழுந்தது. ஆனாலும் நான் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலோனில் நம் மாதா கோயில் தெருவில் இருக்கும் உங்கள் எல்லாருக்கும் ரீத்தா அக்காவைத் தெரியும். காலையில் அவருடைய வெள்ளைக் காரின் பின்கதவைத் திறந்து நீங்களே புளிச்சக்கீரைக் கட்டைப் பொறுக்கி எடுத்திருக்கிறீர்கள். அடக்கத்தன்று உங்களில் பலர் என் அம்மாவிடம், "ஒரு நாள் முழுக்க ஆஸ்பத்திரியில கிடந்திருக்கா, ஒருத்தருக்கும் சொல்லி விடலையே" என்று குறைப்பட்டீர்கள். அம்மாவுக்குக் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். பக்கத்தில்தான் நின்றேன், சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவள். புது ஆளைக் கண்டால் எனக்குப் பேச்சு வராது. அக்காவுக்குப் பேச்சு மட்டும்தான் வரும், எழுத்து வராது. கடைக்காரரோ போலீஸோ யாராக இருந்தாலும் பர்மிய மொழியில் பேசிச் சிரிக்க வைத்துவிடுவார். ஆனால் மருந்துச் சீட்டைக்கூட நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். கீரை விற்க என்னைக் கூட்டிக்கொண்ட முதல் நாளே சொல்லிவிட்டார்: "நீ கை, நான் வாய். ரெண்டும் சேர்ந்தா ஒரு முழு ஆளு." அம்மாவிடம் என்னைப் பற்றிக் கேட்கும்போதும், "எங்க என் கை?" என்றுதான் கேட்பார்.

நகரத்துக்கு வெளியே, அவர் குடியிருந்த மாவ்பியில் தோட்டம் தோட்டமாகப் போய்க் கீரை எடுக்க அவருக்கு மோட்டார் சைக்கிள் வேண்டும். மோட்டார் சைக்கிள் நகரத்துக்குள் வரக்கூடாது என்பது சட்டம். அதனால் அதை அங்கேயே வீட்டில் நிறுத்திவிட்டு, கீரையைக் காரில் ஏற்றிக்கொண்டு அலோனுக்கு வருவார். இரண்டுக்கும் தனித்தனி இன்சூரன்ஸ் எடுக்கவேண்டும் என்று கோ ஸோ சொன்னபோது அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"மா ரீத்தா, பைக் வேற, கார் வேற. ஒரே தாள்ல போடணும்னு ஏன் அடம் பிடிக்கறீங்க?"

"ஓட்டுறது நான் ஒருத்திதானே, கோ ஸோ? பைக் ஓடுறப்ப கார் தூங்குது. கார் ஓடுறப்ப பைக் தூங்குது. ரெண்டுலேருந்தும் ஒரே நேரத்துல விழ எனக்கு ரெண்டு உடம்பா இருக்கு?"

கோ ஸோ சிரித்துவிட்டார். உள்ளே போய்க் கேட்டு வந்து, இரண்டு வண்டிக்கும் ஒரே உரிமையாளர், ஒரே விலாசம் என்றால் முடியும் என்றார். தாளை நான் நிரப்ப ஆரம்பித்தேன். கடைசி வரியை அக்காவின் காதோடு படித்தேன். ஏதாவது நடந்தால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், பெயர், உறவு, போன் நம்பர்.

"உன் பேரைப் போடு. உங்க அம்மா நம்பரைப் போடு."

"என் பேரா?"

"பின்ன? ஆத்தாளா, அப்பனா, யாரு இருக்கா எனக்கு? போடுடி."

உறவு என்ற இடத்தில் என்ன போடுவது? தங்கை இல்லை, மகள் இல்லை. கீரை விற்கும் பெண் என்று எழுதினால் கோ ஸோ சிரிப்பாரோ என்று தோன்றியது. அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். உறவைப் போடாமல் வெறும் பெயரை எழுதவும் கூசியது. மை படாமல் பேனாவைத் தாளின் மேல் சும்மா அசைத்தேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன், அக்கா."

அவர் தாளை வாங்கி, படிப்பதுபோல மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, "அழகா இருக்கு" என்றார்.

இரண்டு வண்டிக்கு ஒரு தாள் என்பதால் அது காரில் இருந்தது. ஒருநாள் மாவ்பியில் போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளை நிறுத்தித் தாளைக் கேட்டார். "கார்ல இருக்கு" என்றார் அக்கா. "அப்ப காரைத் தூக்கி பைக் மேல வச்சுக்கிட்டு வா" என்றார் அவர். அக்கா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார். அதன்பிறகுதான் நகல் எடுத்து மோட்டார் சைக்கிள் சீட்டுக்கு அடியில் வைத்தோம். நகல் எடுத்துத் தந்தவள் நான். அன்றும் அந்த வரியைப் பார்த்தேன். அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இறப்பதற்கு முந்தின நாள் காலை, மாவ்பி சந்தைக்கு அருகே மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கிய அக்கா அப்படியே விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. சந்தைக்காரர்களுக்கு அவரைத் தெரியும். அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. அவருடைய கைபேசி மின்வெட்டில் சார்ஜ் இல்லாமல் அணைந்திருந்தது. சீட்டைத் தூக்கித் தாளை எடுத்தார்கள். அதிலிருந்த விலாசத்துக்குப் போனார்கள். வீடு பூட்டியிருந்தது. நான் அப்போது அலோனில் கூடைகளைக் கழுவி வைத்துக் காத்திருந்தேன். "பெட்ரோல் வரிசையில நிப்பா" என்றாள் அம்மா. அன்று அலுவலகங்களுக்கு விடுமுறை. மறுநாள் இன்சூரன்ஸ் அலுவலகம் திறந்த பிறகே ஆஸ்பத்திரிக்காரர்களால் கோ ஸோவைப் பிடிக்க முடிந்தது. எழுதிக் கொடுத்த பெண் அலோன் மாதா கோயில் தெரு என்று அவருக்கு நினைவிருந்தது.

கோ ஸோவோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ், "என்ன மாத்திரை சாப்பிடுவாங்கன்னு சொல்லக்கூட ஆள் இல்ல" என்றார். எனக்குத் தெரியும். பிரஷர் மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் பாதி. பல நாள் சாப்பிடாமல் விட்டதும் தெரியும். சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்க நினைத்தேன். அக்கா இருந்தால் கேட்டிருப்பார்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கோ ஸோ வந்தார். காரும் மோட்டார் சைக்கிளும் மாவ்பி வீட்டில் நிற்கின்றன. தாளுக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது, ஓட்டத்தான் ஆளில்லை. காரில் இருந்த அசலை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டுமாம். நகலை என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார். அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அது மட்டும்தான்.

அவரிடம் பேனாவைக் கேட்டு வாங்கினேன். வாசற்படியில் தாளை விரித்து, சிவப்பு வட்டத்துக்குள் என் பெயரை எழுதினேன். அம்மாவின் போன் நம்பரை எழுதினேன். உறவு என்ற இடத்தில், தமிழில், 'கை' என்று எழுதினேன்.